உங்களுக்குத் தெரியுமா? கேட்டுச் செய்தால்தான் மறுபயன்

ஒரகடத்தில் சிறு பட்டறை வைத்திருப்பவர், பெரிய ஆலையின் ஆர்டர் வரும் என்று நம்பித் தானாகவே ஒரு சிஎன்சி மிஷினை வாங்கிப் போடுகிறார். ஆர்டர் வரவில்லை. அந்தச் செலவைக் காட்டி ஆலையிடம் உரிமை கோர முடியுமா? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 2(டி)-யில், வாக்களித்தவர் விரும்பிக் கேட்டதன்பேரில் செய்ததையே மறுபயன், அதாவது வாக்குக்கு ஈடு, என்கிறது. தானாகச் செய்தது அதில் சேராது.

1880இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துர்கா பிரசாத் வழக்கில் இதைத்தான் சொன்னது. கலெக்டர் சொன்னபடி ஒருவர் சந்தை கட்டினார். அங்கே கடை போட்ட வியாபாரிகள் அவருக்குக் கமிஷன் தருவதாக வாக்குக் கொடுத்தார்கள். கட்டச் சொன்னது அவர்கள் அல்ல என்பதால் அந்த வாக்கு செல்லவில்லை.

மறுபயன் வாக்குப் பெற்றவர் கையிலிருந்தே வர வேண்டும் என்பதில்லை. இதை நிலைநாட்டியது நம் சென்னை உயர் நீதிமன்றம், சின்னய்யா–ராமய்யா வழக்கில். தாய் மகளுக்குச் சொத்து எழுதிவைத்தார். மகள் தாயின் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் பணம் தர வேண்டும் என்பது நிபந்தனை. மகளும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார், பிறகு மறுத்தார். பணம் பெற வேண்டியவர் எதுவும் கொடுக்காதபோதும், தாய் கொடுத்த சொத்தே போதும் என்றது நீதிமன்றம். இங்கிலாந்தின் பழைய சட்டம் இதை ஏற்கவில்லை.

மறுபயன் வாக்கின் மதிப்புக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மனமொப்பி விற்றால் ஆயிரம் ரூபாய்க் குதிரை பத்து ரூபாய்க்குப் போகலாம். சட்டமே தரும் உதாரணம் இது.

பட்டறைக்காரர்களே, மிஷினுக்கு முன்பணம் கட்டும் முன், ஆலை கேட்டதையும் தருவதாகச் சொன்னதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.