உறையூர்ச் சுருட்டும் புனே மழையும்

சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒருநாள், ஔந்தில் பரிஹார் சௌக் அருகே குடியிருக்கும் என் மாமனார் பீரோவைத் திறந்தவர், "மாப்பிள்ளை, இங்கே வந்து பாருங்கள்" என்று குரல் கொடுத்தார். ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த உறையூர்ச் சுருட்டுக் கட்டு, பஞ்சு ஒட்டியது போல் வெள்ளையாகப் பூசணம் பூத்துக் கிடந்தது. அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பால்கனியில் ஒன்று என்பதுதான் அவருடைய ஒரே பழக்கம். மாமியாருக்கு இதில் வருத்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்!

போன காசு பெரிதல்ல. உறையூரில் சுருட்டு சுற்றும் கைகள் இன்று குறைந்துவிட்டன. ஒரு காலத்தில் திருச்சிச் சுருட்டு சீமை வரை பிரசித்தம். 1887ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, சாம்பலை வைத்து இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுகொள்கிறார். அப்படிப்பட்ட சரக்கைப் பாழாக்கலாமா?

புனேயில் சுருட்டுக்கு இரண்டு பகைவர்கள். சித்திரை, வைகாசிப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். மழைக்காலத்திலோ 80ஐத் தாண்டும். புகையிலை சுற்றியுள்ள காற்றுக்கேற்ப ஈரத்தை விடும், வாங்கும். காய்ந்த சுருட்டின் மேலிலை வெடிக்கும். மளமளவென்று எரிந்து தொண்டையைக் காந்தும். நமுத்த சுருட்டோ ஒரு பக்கமாக எரியும், அடிக்கடி அணையும், இழுக்க வராது. 65 முதல் 70 சதவீதம் வரை ஈரப்பதம் இருந்தால் பதம். வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருப்பது நல்லது. சூடு மிகுந்தால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்து, சுருட்டில் குண்டூசித் துளைகள் விழும்.

வெளிநாட்டார் இதற்கென்றே செடார் மரப்பெட்டி வைத்திருக்கிறார்கள். பெயர் செடாரானாலும் அது வேம்பின் குடும்பத்து மரம். தேவதாரு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அதன் தைல வாசனை சுருட்டில் ஏறிவிடும். நமக்கு மரப்பெட்டியே வேண்டாம். காற்றுப் புகாத டப்பா ஒன்று, ஈரத்தைக் கூடினால் வாங்கியும் குறைந்தால் விட்டும் சமன் செய்யும் உறை ஒன்று, சிறிய ஈரமானி ஒன்று போதும். உறையில் 65, 69 என்று எண் போட்டே கடைகளில் விற்கிறார்கள்.

ஈரமானியை அப்படியே நம்பக்கூடாது. பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டுச் சில சொட்டு நீர் விட்டுச் சேறுபோல் குழையுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் மூடிய டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். எங்கள் மானி 71 காட்டியது. ஆகவே எப்போதும் நான்கு கூட்டிப் படிக்கிறோம்.

ஈரத்துக்காக ஆப்பிள் துண்டு போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. பூசணத்துக்கு நாமே விருந்து வைப்பதுதான் அது. குளிர்பதனப் பெட்டியிலும் திறந்து வைக்க வேண்டாம்; அங்கே காற்று வறண்டது, சாம்பார் வாசனை வேறு. வண்டுக்குப் பயந்தால், இறுக மூடிய பையில் போட்டு மூன்று நாள் உறைநிலைத் தட்டில் வைத்து, ஒருநாள் கீழ்த்தட்டில் தணித்து, பிறகு வெளியே எடுக்கலாம். காய்ந்துபோன சுருட்டை அவசரப்பட்டு நனைத்தால் மேலிலை பிளக்கும். டப்பாவில் சில வாரங்கள் பொறுத்தால் பதம் திரும்பும். பறந்துபோன மணம் மட்டும் திரும்பாது.

சுருட்டு உடம்புக்கு நல்லது என்று இங்கே சொல்ல வரவில்லை. வாய்ப்புற்றுக்கு அதுவும் காரணம் என்பது மாமனாருக்கும் தெரியும், டாக்டரும் சொல்லியிருக்கிறார். நாளுக்கு ஒன்று என்ற கணக்கு வாரத்துக்கு இரண்டாகச் சுருங்கிவிட்டது. அதனாலேயே ஒரு கட்டு மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டியதாயிற்று.

இந்த ஆடியில் டப்பாவைத் திறந்தோம். மானி 64, நான்கு கூட்டினால் 68. சுருட்டில் பூசணம் இல்லை. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, அதே மாதிரி டப்பா அப்பளத்துக்கும் ஒன்று வேண்டும் என்றார்.