தோட்டத்து அறையில் கம்ப்யூட்டரா? முதலில் எர்த்தைக் கவனியுங்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவுடன் எல்லா வீட்டிலும் எழும் முதல் பிரச்னை, அதை எங்கே வைப்பது என்பதுதான். ஹாலில் டி.வி. சத்தம். படுக்கை அறையில் இடம் இல்லை. எங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ளது. முன்பக்கம் குறுகலாகவும் பின்பக்கம் நீளமாகவும் போகும் பழைய காலத்து வீடு. கொல்லையில் முருங்கை மரத்துக்கு அப்பால் என் அப்பா சைக்கிள், ஏணி, உடைந்த நாற்காலி எல்லாம் போட்டு வைத்திருந்த சிறிய அறை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து வெள்ளை அடித்து, டெஸ்க்டாப் கம்ப்யூட்டர், மானிட்டர், லேசர் பிரிண்டர், யூ.பி.எஸ். எல்லாவற்றையும் அங்கே கொண்டு போய் வைத்தேன்.

கரண்டுக்கு என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தாழ்வாரத்தில் இருந்த பழைய இரண்டு பின் பிளக் பாயிண்ட்டில் ஓர் அடாப்டரைச் செருகி, அதில் எக்ஸ்டன்ஷன் கார்டை மாட்டி, 18 மீட்டர் ஒயரைக் கொல்லைக் கதவு வழியாகத் தரையோடு இழுத்துப் போய் அறையில் ஜங்ஷன் பாக்ஸ் வைத்தேன். கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடியது. கேபினட்டைத் தொட்டால் மட்டும் விரலில் லேசாகச் சுருக்கென்று இருக்கும். "கம்ப்யூட்டர்னா அப்படித்தான் இருக்கும் போல" என்று விட்டுவிட்டேன்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகளில் ராணுவம் வந்து மக்களை மீட்டதை செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எங்கள் கொல்லையிலும் கணுக்கால் அளவு தண்ணீர். கரண்ட் திரும்பி வந்து, தண்ணீர் வடிந்து, தரை ஈரமாகவே இருந்த ஒரு மாலையில் என் மகள் வெறுங்காலுடன் போய் கேபினட்டின் பின்னால் பென் டிரைவ் செருகக் கையை வைத்தாள். அவளைத் தூக்கி எறிந்தது. நல்ல வேளையாக வெளிப்பக்கமாக எறிந்தது. இரவு முழுவதும் கை மரத்துப் போயிருந்தது. மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவள் விழுந்த பிறகும் பியூஸ் போகவில்லை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

கேபினட்டில் ஏன் ஷாக் அடிக்கிறது?

எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் அண்ணன் மறுநாள் வந்து பார்த்தார். கொல்லைக் கதவின் நிலைக்கும் கதவுக்கும் இடையில் நசுங்கிக் கிடந்த ஒயரைத் தூக்கிக் காட்டினார். "சார், இங்க பாருங்க. சிவப்பு பச்சையத் தொட்டுக்கிட்டு இருக்கு. பச்சைக்குப் போக்கிடம் இல்ல. அது நேரா கேபினட்டுக்குத்தான் போவும்" என்றார்.

அவர் இரண்டு வரியில் சொன்னதை நான் சற்று விரிவாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். உள்ளே, மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக பேஸில் இருந்து கேபினட்டுக்கு ஒன்றும் நியூட்ரலில் இருந்து கேபினட்டுக்கு ஒன்றுமாகச் சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே வரும் மிகச் சிறிய கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். கரண்ட் அளவு பெரும்பாலும் ஒரு மில்லி ஆம்பியருக்குள் இருப்பதால் சுருக்கென்று மட்டும் இருக்கும். ஆளைக் கொல்லாது. ஆனால் உங்களுக்கு எர்த் இல்லை என்று கம்ப்யூட்டர் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் அதைக் கேட்கவில்லை.

எர்த் இல்லாத நிலையில் எங்காவது பேஸ் ஒயர் பச்சை ஒயரைத் தொட்டுவிட்டால் கதையே வேறு. கம்ப்யூட்டர், மானிட்டர், பிரிண்டர் மூன்றின் எர்த்தும் ஜங்ஷன் பாக்ஸில் ஒன்றாகச் சேர்வதால், மூன்றின் இரும்பு உடலும் முழு 230 வோல்ட்டுக்கு வந்துவிடும். பியூஸ் போக வேண்டுமானால் பெரிய கரண்ட் பாய வேண்டும். அது பாய்வதற்கு வழியே இல்லை, என் மகள் தொடும் வரை. அவள் வழியாகப் பாய்ந்தது சில பத்து மில்லி ஆம்பியர்தான் இருக்கும். மனிதரைக் கொல்ல அது போதும். பியூஸை உருக்க அது எந்த மூலைக்கு?

உயிர் காக்கும் சின்னப் பெட்டி

இதற்கான தீர்வு ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. பேஸ் வழியாகப் போகும் கரண்ட்டும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் கரண்ட்டும் சமமா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால் கரண்ட் வேறு வழியில், ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று பொருள். கண நேரத்தில் இரண்டு ஒயரையும் துண்டித்துவிடும். அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஜீல், மனித உடல் எவ்வளவு கரண்ட்டைத் தாங்கும் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1961ல் இதே தத்துவத்தில் வீடுகளுக்கான கருவி ஒன்றை உருவாக்கினார். நம் வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ரகம் வாங்கவும். 100, 300 மில்லி ஆம்பியர் ரகங்களும் கடையில் கிடைக்கும். அவை தீ விபத்தைத் தவிர்க்க உதவும். ஆளைக் காப்பாற்ற ஏற்றவை அல்ல.

"என் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே, எர்த் குழியும் இருக்கிறதே" என்று கேட்கலாம். ஒரு கணக்குப் பாருங்கள். எர்த் குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் கேபினட்டைத் தொட்டால் 230ஐ 10ஆல் வகுத்து, அதிகபட்சம் 23 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனடியாக விழ, அதன் ரகத்தைப் பொறுத்து மூன்று முதல் பத்து மடங்கு கரண்ட் தேவை. ஆகவே 23 ஆம்பியருக்கு அது பல நிமிடங்கள் சும்மா இருக்கும். அதுவரை கேபினட்டில் மின்சாரம் இருக்கும். ஆர்.சி.சி.பி.க்கோ குழியின் தடை 100 ஓம் ஆனாலும் கவலை இல்லை. அதே சமயம் ஆர்.சி.சி.பி. ஓவர்லோடைக் கவனிக்காது. எனவே எம்.சி.பி.யும் வேண்டும், ஆர்.சி.சி.பி.யும் வேண்டும், எர்த்தும் வேண்டும்.

லைன் எப்படிப் போட்டோம்?

மெயின் போர்டில் இருந்து தோட்டத்து அறைக்கென்று தனி லைன். தொடக்கத்தில் ஆர்.சி.சி.பி., 16 ஆம்பியர் எம்.சி.பி. அங்கிருந்து 2.5 சதுர மில்லி மீட்டர் செம்பு, மூன்று கோர் ஆர்மர்டு கேபிள். உள்ளே இரும்புக் கம்பிக் கவசம் உள்ள இந்தக் கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் மணல் பரப்பிப் புதைத்து, மேலே செங்கல் அடுக்கி, அதற்கு மேல் எச்சரிக்கை நாடாவும் போட்டு மூடினோம். நாளைக்கு யாராவது வாழைக்கன்று நடக் கடப்பாரை போட்டால் முதலில் செங்கல் தட்டுப்பட வேண்டும் அல்லவா? கேபிளின் கவசத்தை இரு முனையிலும் கிளாண்டு போட்டுப் பிடித்து எர்த்துடன் இணைத்தார். அறைக்குள் ஒரு சிறிய பெட்டியில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து நிறுத்தும் ஐசொலேட்டர், விளக்கு, ஃபேனுக்குத் தனியாக 6 ஆம்பியர் எம்.சி.பி. வைத்தோம். உங்கள் அறை தகரக் கூரை, இரும்புக் கம்பம் உள்ள ஷெட் என்றால் அந்த இரும்பையும் எர்த்துடன் இணைக்கச் சொல்லவும்.

இன்னொரு லாபமும் கிடைத்தது. பழைய மெல்லிய ஒயரில், பிரிண்டர் சூடாகும்போது 6 ஆம்பியர் இழுத்தால், 18 மீட்டருக்கு 7 வோல்ட் அளவுக்கு இறங்கும். புதிய கேபிளில் 2 வோல்ட்தான்.

எர்த் குழியையும் புதிதாகத் தோண்டினோம். பழைய ஜி.ஐ. பைப் பாதி துருவாகிப் போயிருந்தது. கடலோர ஊரில் மண் ஈரமாக இருப்பது எர்த்துக்கு நல்லதுதான், ஆனால் உப்புக்காற்றும் உப்பு மண்ணும் இரும்பைத் தின்றுவிடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது குழியின் மூடியைத் திறந்து, போல்ட் இணைப்பு உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கவும். ஒயிட் டவுன் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்கள் இன்னும் அடிக்கடி பார்ப்பது நல்லது.

முதலில் வந்த வேறோர் ஆள், செலவைக் குறைக்க ஒரு குறுக்கு வழி சொன்னார். பிளக் பாயிண்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடலாமாம். டெஸ்டர் எரியாது, ஷாக்கும் அடிக்காது. ஆனால் என்றாவது நியூட்ரல் அறுந்தால், கேபினட் முழு பேஸுக்கு வந்துவிடும். யார் சொன்னாலும் இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் இந்த வேலை செய்து கம்ப்யூட்டரை ஆன் செய்ததுமே விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். சிலர் ஆர்.சி.சி.பி. வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

ஆர்.சி.சி.பி. விழுந்தாலும் யூ.பி.எஸ். தன் பேட்டரியில் இருந்து 230 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஷாக் அடித்த சமயத்தில் மெயினை நிறுத்தியதோடு விடாமல் யூ.பி.எஸ்.ஸையும் ஆஃப் செய்திடவும். வீட்டு இன்வெர்ட்டர் லைனைத் தோட்டத்து அறைக்கு இழுத்திருந்தாலும் இதே கதைதான். மெயின் ஆஃப், ஆனால் அங்கே மின்சாரம் இருக்கும்.

யூ.பி.எஸ். வேலை செய்கிறதா என்று பார்க்கப் பலர் பிளக்கையே பிடுங்குகிறார்கள். அப்போது எர்த்தும் சேர்ந்து போய்விடுகிறது. சுவிட்சை மட்டும் ஆஃப் செய்து பார்க்கவும். லேசர் பிரிண்டரை யூ.பி.எஸ்.ஸில் இணைக்க வேண்டாம். சுவரில் உள்ள பாயிண்ட்டில் நேரடியாக மாட்டவும்.

வீட்டில் உள்ள மோடத்தில் இருந்து லேன் ஒயரைக் கொல்லை வழியே வெட்டவெளியில் இழுக்காதீர்கள். பக்கத்தில் இடி விழுந்தால் அந்தச் செம்பு ஒயர் வழியாகவே இரண்டு பக்கமும் கருவிகள் போய்விடும். நான் வைஃபை வைத்துக்கொண்டேன். சிக்னல் போதாதவர்கள் ஃபைபர் கேபிள் போடலாம். அதில் மின்சாரம் பாயாது.

கேபிள் போடுவதும் போர்டில் கை வைப்பதும் லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. நீங்கள் செய்யக்கூடியது சோதனை. மூன்று பின் பாயிண்ட்டில் எர்த் துளை மேலே இருக்க, உங்கள் வலது கைப்பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல் இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் கிளம்பும் முன் மல்ட்டிமீட்டரில் அளந்து காட்டச் சொல்லவும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. மல்ட்டிமீட்டர் மோசமான எர்த்தையும் நல்லது என்று காட்டிவிடும் என்பதால், எர்த் டெஸ்டர் வைத்து குழியின் தடையையும் அளந்து தரச் சொல்லவும்.

தோட்டத்து அறையில் டி.டி.பி. சென்டர், ஜெராக்ஸ் என்று தொழில் தொடங்கும் எண்ணம் இருந்தால் முதலில் மின்துறை அலுவலகத்தில் விசாரிக்கவும். வீட்டு இணைப்பை அனுமதி இல்லாமல் வேறு உபயோகத்துக்குப் பயன்படுத்துவது 2003ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126வது பிரிவின் கீழ் வரும். அபராதம் கேபிள் செலவைவிட அதிகமாகிவிடும்.

ஆர்.சி.சி.பி.யில் டி என்று போட்ட ஒரு சிறிய பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்தினால் சட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் உடனே மாற்றவும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டு அந்தப் பட்டனை அழுத்துவது என் மகள்தான்.