நித்திய கல்யாணி தந்த மருந்து

கோயில் நந்தவனத்திலும் வீட்டு வாசலிலும் ஆண்டு முழுவதும் பூத்துக் குலுங்கும் நித்திய கல்யாணிச் செடியை நீங்கள் அறிவீர்கள். மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியின் இலையிலிருந்து புற்றுநோயை எதிர்க்கும் இரண்டு சிறந்த மருந்துகள் கிடைத்துள்ளன. ஆனால் ஆராய்ச்சியாளர் முதலில் தேடியது வேறொன்றை!

ஜமைக்கா தீவில் மக்கள் இவ்விலையைக் கஷாயமிட்டு நீரிழிவுக்குக் குடித்து வந்தனர். அது பயன் தருமா என்று கனடா நாட்டு அறிஞர் ராபர்ட் நோபிள் 1950-களில் எலிகளிடம் சோதித்தார். இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. இலைச் சாற்றை ஊசி மூலம் செலுத்தியபோதோ எலிகள் கிருமித் தொற்றால் இறந்தன. காரணம் என்ன? கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அவற்றின் இரத்தத்தில் வெகுவாகக் குறைந்திருந்தன.

வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அப்படியானால் எலிக்குத் தீங்கான இப்பொருள் நோயாளிக்கு மருந்தாகலாம் அல்லவா? 1958-இல் நோபிளும் வேதியியல் அறிஞர் சார்லஸ் பீரும் அப்பொருளைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். அதுவே வின்பிளாஸ்டின். அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது.

இவை எவ்வாறு வேலை செய்கின்றன? ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, இரட்டித்த குரோமோசோம்களை நுண்ணிய இழைகள் இரு பக்கமும் இழுத்துப் பங்கிடுகின்றன. டியூபுலின் என்னும் புரதத் துணுக்குகள் மணிகளைப் போல் கோக்கப்பட்டு இவ்விழைகள் உருவாகின்றன. மருந்து டியூபுலினைப் பற்றிக்கொள்கிறது, இழை உருவாவதில்லை. பிரிய முடியாமல் பாதி வழியில் நின்ற செல் மடிகிறது.

ஆனால் மருந்துக்குக் கண் இல்லை! புற்றுநோய்ச் செல்லைப் போலவே விரைந்து பிரியும் நல்ல செல்களும் நம் உடலில் உண்டு. முடியின் வேரில் அவை தாக்கப்படுவதால் முடி உதிர்கிறது. வாயின் உட்சவ்வில் தாக்கப்படுவதால் புண் உண்டாகிறது. எலும்பு மஜ்ஜையில் தாக்கப்படுவதால் வெள்ளணுக்கள் குறைகின்றன. நரம்பு இழைகளுக்குள்ளும் டியூபுலின் இருப்பதால், வின்கிரிஸ்டின் பெறுவோருக்கு விரல்கள் மரத்துப்போவதுண்டு. நோயைத் தீர்க்கும் செயலும் பக்க விளைவும் ஒன்றேதான். நிகழும் இடம்தான் வேறு.

ஆகவேதான் கீமோதெரபியை இடைவெளி விட்டுத் தருகிறார்கள். அவ்விடைவெளியில் நல்ல செல்கள் மீண்டும் பெருகிவிடும். வெவ்வேறு வழியில் தாக்கும் பல மருந்துகளைச் சேர்த்துத் தருவதும் உண்டு. இத்தகைய கூட்டுச் சிகிச்சையால், மருத்துவ வசதி மிக்க நாடுகளில் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இன்று பிழைக்கின்றனர்.

ஓர் எச்சரிக்கை: இலையை மென்று தின்றால் நோய் தீரும் என்று எண்ணாதீர்கள். அது நஞ்சு. பல நூறு கிலோ உலர்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் அளவே கிடைக்கும் மருந்தை, மருத்துவர் மிகத் துல்லியமாக அளந்து தருகிறார்.

சிகிச்சை பெற்ற மாணவன் ஒருவன் முடியின்றி உங்கள் வகுப்புக்குத் திரும்பினால் விலகிப் போகாதீர்கள். புற்றுநோய் தொற்றாது; உதிர்ந்த முடியும் பெரும்பாலும் மீண்டும் வளரும். உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் சற்றுத் தள்ளி இருங்கள். வெள்ளணுக்கள் குறைந்த அவனுக்குத்தான் உங்களால் ஆபத்து. உங்களுக்கு அவனால் அன்று!