கூடையின் ஆறாவது கண்

நம் குவஹாத்தி சந்தைகளில் கண் கண்ணாகப் பின்னிய மூங்கில் கூடைகளைப் பார்த்திருப்பீர்கள். மூன்று திசைகளில் பிளாச்சுகள் ஓடும். ஒவ்வொரு கண்ணும் அறுகோணம். அப்படியே பின்னிக்கொண்டு போனால் பாய் மாதிரி தட்டையாகத்தான் வரும். கூடை எழும்ப, அடிப்பாகத்தின் மூலைகளில் ஐங்கோணக் கண் வைக்க வேண்டும்.

ரயில்வேயில் பாலம் பார்த்தவனுக்குக் கூடை ஒரு பொருட்டா என்று, ஓய்வுக்குப் பின் பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பட்டையில் நானும் முயன்றேன். சுவர் நிமிரவே இல்லை. புனல் மாதிரி விரிந்துகொண்டே போயிற்று. மூன்று நாள் பாடு! பட்டை மட்டம் என்று முடிவு கட்டினேன்.

கூடை விற்கும் அம்மாளிடம் காட்டினேன். அடியைத் திருப்பி விரலால் எண்ணினார். "ஐந்துதான் இருக்கிறது. ஆறு வேண்டும்" என்றார் அசாமியத்தில்.

டிப்ளமோவில் தகர வேலை படித்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வட்டத் தகட்டில் ஓர் ஆப்பு வெட்டி விளிம்புகளைச் சேர்த்தால் கூம்பு வரும். ஒவ்வொரு ஐங்கோணமும் 60 டிகிரி ஆப்பு. ஐந்து வைத்தால் 300, இன்னும் கூம்புதான். ஆறாவதில் 360 தீர்ந்து சுவர் நேராக நிற்கிறது. மேலேயும் ஆறு வைத்தால் வாய் மூடிக்கொள்ளும், மொத்தம் 12. மணிப்பூர்ப் பிள்ளைகள் காலால் ஆடும் செபக் தக்ரா பந்திலும் விதிப்படி 12 துளைகளே.

என் ஐந்து கண் கூடையில் இப்போது வெங்காயம் கிடக்கிறது. வாய் அகலமாம், வீட்டில் அதற்குத்தான் மதிப்பு.