சிம்பை 2ஆ, 4ஆ: கீரிக் கரைக்கு ஒரு வரிசைக் கணக்கு

மன்னார் கீரிக் கரையில் ஒரு படகு ஒதுங்கினால் மீன் தராசுக்குப் போக வேண்டும், ஐஸ் போட வேண்டும், கூலர் லொறியில் ஏற வேண்டும். இதில் எந்த இடத்தில் தேங்குகிறது என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். நேரத்தை நிமிடம் நிமிடமாக நகர்த்தாமல், ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குத் தாவும் சிமியுலேஷன் இதற்குப் பொருத்தம். காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. பைதனில் ஓடும் சிம்பை, திறந்த மூலம், 2002 முதல் இருக்கிறது. தலையிடி எல்லாம் எந்தப் பதிப்பு என்பதில்தான்.

முதலில் கணினியை மூடிவைத்துவிட்டுத் தாளை எடுங்கள். தராசு, ஒருவர் விட்டால்தான் அடுத்தவர் பிடிக்கக்கூடிய வளம். ஐஸ், கிலோக் கணக்கில் கூடிக் குறையும் இருப்பு. படகு வருகை எல்லா நாளும் ஒன்றல்ல. இந்திய இழுவைப் படகுகள் வழமையாக வரும் திங்கள், புதன், சனி இரவுகளில் வலை அறுபடும் பயத்தில் கடலுக்குப் போகாதவர்கள் உண்டு. வடக்குப் பார்த்த கரை என்பதால் வாடைக்காலம் வேறு கதை. ஆகவே வருகை வேகத்தை நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வையுங்கள். பதிப்பு மாறினாலும் அதில் கைவைக்க வேண்டியிராது.

அடுத்து, கையில் கிடைத்த பழைய மாதிரி எந்தப் பதிப்புக்குரியது என்று பாருங்கள். பழைய பாடக்குறிப்புகளில் பல இன்னும் 2இல்தான் நிற்கின்றன. ‘ஹோல்ட்’, ‘அக்டிவேட்’ என்ற சொற்கள் இருந்தால் அது 2. ‘என்வ்’ என்ற சூழல் பெயரும் ‘டைம்அவுட்’டும் இருந்தால் 3 அல்லது 4. 2013இல் வந்த 3, எழுதும் முறையையே மாற்றிவிட்டது. 2இன் நிரல் அதில் ஓடாது. ஐஸ் இருப்புக்கான ‘லெவல்’ அங்கே ‘கன்டெய்னர்’ ஆனது. அளவுகளைக் குறித்துவைக்கும் ‘மொனிட்டர்’ எடுபட்டது. காத்திருந்த நேரங்களை நீங்களே ஒரு பட்டியலில் சேர்க்க வேண்டும். எனக்கு அது நட்டமாகப் படவில்லை, எதை அளக்கிறோம் என்று யோசிக்க வைக்கிறது. 3இலிருந்து 2020இல் வந்த 4க்குப் போவது லேசு. ‘என்வ்’இன் ‘எக்சிட்’ நீங்கி ‘ரிட்டர்ன்’ போதும் என்றாகிவிட்டது. ஆனால் 4.0க்கே பைதன் 3.6 ஆவது வேண்டும். பைதன் 2.7ஐ விட முடியாதவருக்குத்தான் சிம்பை 3. புதிதாகத் தொடங்குபவர் யோசிக்காமல் 4ஐ எடுக்கலாம்.

பழைய மாதிரியை மாற்ற நினைப்பவர் மாற்றுவதற்கு முன்பே அதை அதன் பழைய பைதனிலேயே ஓட்டி, விடைகளைச் சேமித்து வைக்க வேண்டும். புதியதற்கு வேறொரு தனிச் சூழல். இரண்டையும் ஒரே இடத்தில் நிறுவினால் எது எதை இழுக்கிறதென்றே தெரியாமல் போகும்.

இனித்தான் முக்கியமான சோதனை. மணிக்கு 8 படகு, ஒரே தராசு, ஒரு படகுக்குச் சராசரி 6 நிமிடம் என்று வையுங்கள். கீரியில் எண்ணிய கணக்கல்ல, சோதனைக்குப் போட்ட எண்கள். இடைவெளிகளும் நிறுக்கும் நேரமும் எக்ஸ்பொனென்ஷியல் பரம்பலில் வந்தால், வரிசைக் கோட்பாட்டின்படி தராசுக்கு முன் சராசரிக் காத்திருப்பு 24 நிமிடம். பழைய நிரல் நெடுநேரம் ஓடியும் 36ஐச் சுற்றி நிற்கிறது என்றால் சிம்பையைத் திட்ட வேண்டாம். படகுகளுக்கிடையிலான நேரத்தை ‘60 வகுத்தல் 8’ என்று எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். பைதன் 2இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் வெட்டுப்படும், விடை 7. பைதன் 3இல் 7.5. அரை நிமிடம்தானே என்று விட முடியாது. தராசுக்கு ஓய்வு குறைவான நிலையில் அந்த அரை நிமிடம் காத்திருப்பை ஒன்றரை மடங்காக்கிவிடுகிறது.

இந்தச் சூத்திரம் நீண்ட ஓட்டத்துக்கு உரியது. கரையில் காலை வியாபாரம் அவ்வளவு நீளமில்லை. நிரல் சரியா என்று பார்க்கவே இது. அந்தக் காலைக்கு 24 நிமிடம் என்று சம்மாட்டியிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

எழுமாற்று எண்களுக்கு ஒரே விதை எண்ணைக் கொடுத்தும் பழைய, புதிய விடைகள் எழுத்துக்கு எழுத்து ஒத்துவராமல் போகலாம். ‘ரண்டம்’ என்ற அடிப்படைச் செயற்பாடு தரும் வரிசை மாறாது என்றுதான் பைதன் உறுதி தருகிறது. அதன்மேல் கட்டிய மற்றவற்றுக்கு அந்த உறுதி இல்லை. ஆகவே பல விதைகளில் ஓட்டிச் சராசரிகளையும் அவற்றின் பரவலையும் ஒப்பிடுங்கள்.

பழைய, புதிய விடைகள் நெருங்கிவந்ததும், சிம்பை எந்த இலக்கம், பைதன் எந்த இலக்கம் என்பதைத் தேவைப் பட்டியல் கோப்பில் எழுதி, மாதிரியோடேயே வையுங்கள். ‘அண்மைப் பதிப்பு’ என்று எழுதினால் அடுத்த வருடம் அதே சொல் வேறொன்றைக் குறிக்கும். பிறகு சோதனை எண்களை எடுத்துவிட்டு, கரையில் நின்று குறித்த வருகை நேரங்களை, வாடைக்கு ஒன்றும் சோளகத்துக்கு ஒன்றுமாக, தனித்தனிக் கோப்புகளில் உள்ளே விடலாம்.