உங்களுக்குத் தெரியுமா? பழைய காரின் ‘டொக் டொக்’ எங்கிருந்து வருகிறது?

1983-இல் வந்த மாருதி 800 முதல் இன்றைய பெரும்பாலான சிறிய கார்கள் வரை முன்சக்கரங்களில் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷன். எர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் உருவாக்கிய அமைப்பு இது. இதன் மேல்முனை நேராக பாடியில் பொருந்துவதால், ஓரிடத்துச் சத்தம் தகடு வழியே பரவி வேறெங்கோ கேட்கும். காதை மட்டும் நம்பி ஷாக் அப்சார்பரை மாற்றுவது பெரும்பாலும் வீண்செலவு.

சத்தம் எப்போது வருகிறது? அதுதான் முதல் தடயம்.

மெதுவாகப் போகையில் சின்ன மேடுபள்ளத்தில் ‘டொக் டொக்’ என்றால், ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் மீது சந்தேகம் விழவேண்டும். இருபக்க லிங்கையும் கழற்றிவிட்டு அதே தெருவில் நிதானமாக ஓட்டினால் சத்தம் நிற்கிறதா? குற்றவாளி அகப்பட்டது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டங்’கென்று துள்ளினால், ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்கைப் பார்க்கவேண்டும்.

‘கிரீச்’ சத்தத்துக்குத் தண்ணீரே போதும். ரப்பர் புஷ்ஷை நனைத்ததும் சற்றுநேரம் அடங்கினால், புஷ் காய்ந்துவிட்டது. அதில் கிரீஸ் தடவவேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை உப்பவைத்துக் கெடுத்துவிடும்.

பால் ஜாயின்டில் ஆட்டம் தெரிந்தால் மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். அது கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும்.