சிறு கசிவு, பெருஞ் செலவு

வெள்ளவத்தைக் காலி வீதி நெரிசலிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களிலும் கார் ஓடும் நேரத்தைவிட நின்று இயங்கும் நேரமே அதிகம். அப்படி நிற்கையில் எஞ்சின் நடுங்கினால், அல்லது அடிக்கடி நின்றுபோனால், முதலில் காற்றுக் கசிவைத் தேடுவோம்.

ஆக்சிலேற்றரை மிதிக்காத வேளையில், எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் மனிபோல்ட்டில் வெற்றிடம் உண்டாகிறது. வெடித்த றப்பர்க் குழாயாலோ பழுதான கஸ்கற்றாலோ கணக்கில்லாத காற்று உட்புகுந்தால் பெற்றோல் கலவை ஐதாகும். அது சரியாக எரியாமல் புகையோடு வெளியேறும். 2008இல் ஆரம்பித்த வாகனப் புகைப் பரிசோதனையில் சில கார்கள் தவறுவதற்கு இதுவும் ஒரு காரணம். 2022இல் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கிட்ட நாட்களை அனுபவித்த நாம் பெற்றோலின் பெறுமதியை அறிவோம். வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025 வரை தடைப்பட்டதால் பழைய கார்களே நம்மிடம் அதிகம். பழைய றப்பர் வெப்பத்தில் இறுகி வெடிக்கும்.

கசிவைக் கண்டுபிடிக்கும் வழிகள் இவை:

1. எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் குழாய்களை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரியும்.

2. எஞ்சினை இயக்கி, 'உஸ்' என்ற ஓசையைக் கேளுங்கள். சுழலும் விசிறியிலும் பெல்ட்டிலும் கையோ உடையோ படக்கூடாது.

3. மூட்டுகளில் சவர்க்கார நீரைச் சிறிது தெளியுங்கள். மின் இணைப்புகளில் படவேண்டாம். எஞ்சின் ஓசை மாறும் இடமே கசிவு. பெற்றோல் தெளிப்பது தீயை அழைப்பதாகும்.

4. கராஜில் வெற்றிடமானி இருந்தால் அளக்கச் சொல்லுங்கள். கடல் மட்டத்திலுள்ள கொழும்பில் நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குலம் வரை அசையாமல் காட்டும். நுவரெலியாவில் சுமார் 6 அங்குலம் குறையும்; அது பழுதன்று.

பெற்றோல் ஆவிக் கசிவு வேறு. அதை மணம் காட்டும். தாங்கி மூடியின் றப்பர் வளையத்தையும், ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டிக்குச் செல்லும் குழாய்களையும் பாருங்கள். தீக்குச்சி கிட்டவும் வரக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத துளையைப் புகை செலுத்திப் பார்க்கும் கருவியால் மெக்கானிக் கண்டறிவார்.

பிறேக்கையும் மறக்கவேண்டாம். எஞ்சின் நின்றிருக்கையில் மிதியைப் பலமுறை அழுத்தி, பின் அழுத்தியபடியே எஞ்சினை இயக்குங்கள். மிதி சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பிறேக்குக்கு உதவும் வெற்றிடம் கிடைக்கவில்லை; உடனே கராஜுக்குக் காட்டுங்கள்.

பஞ்சிகாவத்தையில் குழாய் வாங்கும்போது எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். தண்ணீர்க் குழாய் வெற்றிடத்தில் சப்பிப்போகும். பெற்றோலில் ஊறி இளகும். உரிய குழாய்த் துண்டுக்குக் கொடுக்கும் சிறு பணம் பெற்றோலையும் உயிரையும் காக்கும்.